அப்பீல் என்றால் என்ன? பிள்ளைகளுக்கு எதிரான பாலியல் குற்ற வழக்குகளில் நாம் அறிந்திருக்க வேண்டியவை

(கண்டியில் தோட்டத் தாய்மார், தோட்டக் கமிட்டித் தலைவர்மார், பிள்ளைக் காம்பராப் பொறுப்பாளர்கள் கூடியிருந்த கூட்டமொன்றில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்.)



கலஹா, தெல்தோட்டை, ஹந்தானை, புசல்லாவைப் பக்கங்களிலிருந்து ஒரு நாள் பேரை விட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள். அந்த ஒரு நாள் சம்பளத்தின் பெறுமதி எங்களுக்குத் தெரியும். ஆகவே சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறோம்.

சிறு பிள்ளையைக் கெடுத்தவனுக்குக் கோர்ட்டில் தண்டனை கிடைக்கிறது. ஊரே, "அப்பாடா, நியாயம் கிடைச்சிருச்சு" என்று பெருமூச்சு விடுகிறது. பதினைந்து நாள் போகுமுன்னே அவன் அப்பீல் போட்டுவிட்டான் என்ற செய்தி வருகிறது. உடனே தாய் தகப்பனுக்கு வயிற்றைக் கலக்குகிறது. "தீர்ப்புத்தான் வந்திருச்சே, பிறகு ஏன் அப்பீலு? மறுபடி பிள்ளைய கூண்டில ஏத்துவாங்களா? காசு இருக்கிறவன் வெளிய வந்துருவான் போல" என்று நம்மிடம் கேட்கிறார்கள். இன்றைய பேச்சு இந்தக் கேள்விகளுக்கான பதில்தான்.

முதலில் ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம். மேன்முறையீடு என்பது தண்டிக்கப்பட்டவனுக்குச் சட்டம் கொடுத்திருக்கிற உரிமை. அதைக் கேட்டு ஆத்திரப்பட வேண்டாம். கீழ்க் கோர்ட்டும் மனிதர்கள் நடத்துகிற கோர்ட்டுத்தான். அங்கேயும் பிழை நடக்கலாம். பழி தீர்க்கப் போட்ட பொய் வழக்கில் அப்பாவி ஒருவர் மாட்டிக்கொண்டால் அவரைக் காப்பாற்றுவதும் இதே மேன்முறையீடுதான். நாளைக்கு நம் வீட்டு ஆண்பிள்ளை ஒருவன் அந்த இடத்தில் நின்றால் நாமும் அதைத்தானே தேடுவோம்? நாம் கேட்க வேண்டிய கேள்வி வேறு. நம் பிள்ளை உண்மையைச் சொல்லி வாங்கிய தீர்ப்பு, மேல் கோர்ட்டுப் போனாலும் நிலைத்து நிற்க என்ன செய்ய வேண்டும்?

மேல் கோர்ட்டில் என்ன நடக்கிறது?

கண்டி மேல் நீதிமன்றத்தில் ஒருவன் குற்றவாளியாகக் காணப்பட்டால், 14 நாட்களுக்குள் அவன் மேன்முறையீடு செய்யலாம். 1979-ஆம் ஆண்டின் 15-ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டம் இதைச் சொல்கிறது. வழக்கு கொழும்பு அளுத்கடையில் உள்ள மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போகும். அதற்குமேல் உயர் நீதிமன்றம் இருக்கிறது. ஆனால் அங்கே போக அனுமதி வாங்க வேண்டும்.

பலர் நினைப்பதுபோல அங்கே வழக்கு மறுபடியும் முதலிலிருந்து நடப்பதில்லை. பிள்ளையைக் கூப்பிட்டு மறுபடி கேள்வி கேட்பதுமில்லை. புதிய சாட்சியம் எடுப்பது மிக அபூர்வம். நீதிபதிகள் முன்னால் இருப்பது ஒரு கட்டுக் காகிதம்தான். கீழ்க் கோர்ட்டில் யார் யார் என்ன சொன்னார்கள், குறுக்கு விசாரணையில் என்ன பதில் வந்தது, சட்ட வைத்திய அதிகாரியின் அறிக்கையில் என்ன இருக்கிறது, பொலிசில் கொடுத்த வாக்குமூலத்துக்கும் கோர்ட்டில் சொன்னதுக்கும் எங்கே முரண் என்பதெல்லாம் அதில் இருக்கும். இரண்டு பக்கச் சட்டத்தரணிகளும் அந்தக் கட்டைப் புரட்டிப் புரட்டித்தான் வாதாடுவார்கள்.

அதற்குப் பிறகு நீதிமன்றம் தீர்ப்பை அப்படியே உறுதிப்படுத்தலாம். குற்றவாளி இல்லையென்று விடுதலை செய்யலாம். குற்றத்தை மாற்றலாம், தண்டனையைக் கூட்டலாம், குறைக்கலாம். சில நேரம் மறுவிசாரணைக்கு அனுப்பலாம். பிள்ளை மறுபடி கூண்டில் ஏற வேண்டி வருவது இந்தக் கடைசி நிலையில்தான். கீழ்க் கோர்ட்டில் ஏதோ ஒரு சிறு பிழை நடந்துவிட்டது என்பதற்காக மட்டும் தீர்ப்பைப் புரட்டிவிடவும் முடியாது. அந்தப் பிழையால் நீதி தவறியிருக்க வேண்டும் என்று அரசியலமைப்பின் 138-ஆம் உறுப்புரை சொல்கிறது.

ஆகவே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து வருஷமோ பத்து வருஷமோ கழித்து அளுத்கடையில் பேசப்போவது, சம்பவம் தெரியவந்த முதல் வாரத்தில் நாம் எழுதவைத்த காகிதமும், பிள்ளை அன்றிலிருந்து மாற்றாமல் சொன்ன உண்மையும்தான்.

மாத்தளையில் தொடங்கிய ஒரு வழக்கு

கண்டிக்குப் பக்கத்து ஊரோடு தொடர்புள்ள ஒரு வழக்கைச் சொல்கிறோம். பெரியவர்கள் சிலருக்கு ஞாபகம் இருக்கும்.

மாத்தளையில் 1951-இல் பிறந்தவர் பிரேமானந்தா. சாமியார் என்று பேரெடுத்து அங்கேயே ஆசிரமம் நடத்தினார். அனாதைப் பிள்ளைகளையும் சேர்த்து வளர்த்தார். 1983 கலவரத்துக்குப் பிறகு, அடுத்த வருஷம் இந்தியாவுக்குப் போனார். பிள்ளைகள் சிலரும் கூடவே போனார்கள். திருச்சிராப்பள்ளிக்குப் பக்கத்தில் பாத்திமா நகரில் பெரிய ஆசிரமம் எழுந்தது. வெளிநாட்டுப் பக்தர்களும் வந்தார்கள், செல்வாக்கும் வந்தது. கலவரத்தில் எல்லாவற்றையும் இழந்த பிள்ளைகளுக்குச் சோறும் படிப்பும் கொடுக்கிறார் என்று நம் ஆட்களும் கையெடுத்துக் கும்பிட்டார்கள்.

1994-இல் ஆசிரமத்தைவிட்டு வெளியேறிய பெண்பிள்ளைகள் வாய் திறந்தார்கள். அந்த வருஷம் நவம்பரில் பிரேமானந்தா கைதானார். பதின்மூன்று பெண்பிள்ளைகளைக் கெடுத்தார் என்பது குற்றச்சாட்டு. அவர்களில் சிறுமிகளும் இருந்தார்கள், இலங்கைப் பிள்ளைகளும் இருந்தார்கள். ஆசிரமத்தில் இருந்த இலங்கை இளைஞர் ஒருவரின் கொலையும் சேர்ந்து விசாரிக்கப்பட்டது. புதுக்கோட்டை அமர்வு நீதிமன்றத்தில் வழக்கு நடந்தது. நீதிபதி ஆர். பானுமதி என்ற அம்மையார். பிற்காலத்தில் இந்திய உச்ச நீதிமன்ற நீதிபதியாகவும் ஆனவர். 1997 ஆகஸ்ட் 20-ஆம் திகதி தீர்ப்பு வந்தது. ஒன்றன்பின் ஒன்றாக அனுபவிக்க வேண்டிய இரட்டை ஆயுள் தண்டனையும், 67 லட்சம் ரூபாய்க்கு மேல் அபராதமும் விதிக்கப்பட்டன. உடந்தையாக இருந்தவர்களுக்கும் தண்டனை கிடைத்தது.

விஷயம் அங்கே முடியவில்லை. மேன்முறையீடு சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. (இந்தியாவில் உயர் நீதிமன்றம் என்பது நம் ஊர் மேல் நீதிமன்றத்துக்கும் மேலானது, அதற்கும் மேலே உச்ச நீதிமன்றம். பேரில் குழம்ப வேண்டாம்.) பணத்துக்கும் சட்டத்தரணிகளுக்கும் குறைவில்லாத பக்கம் அது. வழக்கே சோடனை என்று வாதாடினார்கள். 2002 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் மேன்முறையீட்டைத் தள்ளியது. பிறகு டில்லிக்குப் போனார்கள். 2005 ஏப்ரல் 5-ஆம் திகதி உச்ச நீதிமன்றமும் தள்ளியது. பிரேமானந்தா 2011 பெப்ரவரி 21-இல், தண்டனைக் கைதியாக இருக்கும்போதே காலமானார்.

கணக்குப் பாருங்கள். கைதுக்கும் கடைசித் தீர்ப்புக்கும் இடையில் பத்து வருஷத்துக்கு மேல். தாய் தகப்பன் இல்லாத, பணம் இல்லாத, அகதியாகப் போன பிள்ளைகள் ஒரு பக்கம். ஆயிரக்கணக்கானோர் காலில் விழுந்த மனிதர் இன்னொரு பக்கம். மூன்று கோர்ட்டும் பிள்ளைகள் பக்கம் நின்றன என்றால் எதனால்?

ஒன்று, பிள்ளைகள் ஒவ்வொருத்தரும் தனக்கு நடந்ததைத் தானே கோர்ட்டில் சொன்னார்கள். இரண்டாவது, கர்ப்பமாகிவிட்ட ஒரு பெண்ணின் கருவை அழிய விடாமல் எடுத்து, ஹைதராபாத்தில் உள்ள அரசாங்க ஆய்வு நிலையத்தில் டி.என்.ஏ. பரிசோதனை செய்தார்கள். தகப்பன் யார் என்பது அதில் தெரிந்தது. எதிர்த்தரப்பு இங்கிலாந்திலிருந்து நிபுணர் ஒருவரைக் கொண்டுவந்து மறுத்தும் கோர்ட்டு அதை ஏற்கவில்லை. இந்த இரண்டும் கீழ்க் கோர்ட்டுப் பதிவில் கெட்டியாக உட்கார்ந்திருந்தன. மேல் கோர்ட்டில் எத்தனை பெரிய வக்கீல் வந்தாலும் பதிவில் இருப்பதை அழித்து எழுத முடியாது.

விழுந்துபோன இன்னொரு வழக்கு

எல்லா வழக்கும் இப்படி நிற்பதில்லை. விழுந்துபோன ஒன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும்.

இந்தியாவில் மகாராஷ்டிர மாநிலத்தில் கூலி வேலை செய்த பழங்குடிச் சிறுமி ஒருத்தி. 1972 மார்ச்சில் ஓர் இரவு பொலிஸ் நிலையத்துக்கு விசாரணைக்கு அழைக்கப்பட்டாள். அங்கேயே இரண்டு பொலிஸ்காரர்கள் தனக்குக் கேடு செய்தார்கள் என்று சொன்னாள். முதல் கோர்ட்டு அவர்களை விடுவித்தது. உயர் நீதிமன்றம் குற்றவாளிகள் என்று தண்டித்தது. அந்தத் தண்டனைக்கு எதிராக அவர்கள் மேன்முறையீடு செய்தார்கள். 1978 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் இருவரையும் விடுதலை செய்தது. உடம்பில் காயம் இல்லை, கூச்சல் போட்டதாகத் தெரியவில்லை, ஆகவே பலவந்தம் நடந்ததாகச் சொல்ல முடியாது என்பது அதன் போக்கு.

பயந்து விறைத்துப்போன பிள்ளை எப்படிக் கத்தும் என்று நாம் கேட்போம். அன்று பலரும் கேட்டார்கள். சட்டம் படிப்பிக்கும் நான்கு பேர் 1979-இல் இந்தியப் பிரதம நீதியரசருக்குப் பகிரங்கக் கடிதம் எழுதினார்கள். பெண்கள் வீதியில் இறங்கினார்கள். 1983-இல் சட்டமே திருத்தப்பட்டது. ஆனால் அந்தப் பிள்ளையின் வழக்குத் திரும்பி வரவில்லை.

அந்த வழக்கில் இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். சம்பவம் நடந்தது ஓர் இரவு. டாக்டர் பார்த்தது மறுநாள் இரவு 8 மணிக்கு. அடுத்தது வயது. 14-க்கும் 16-க்கும் இடையில் இருக்கலாம் என்று டாக்டர் மதிப்பிட்டார். 16-க்குக் கீழ் என்று திட்டமாக நிரூபித்திருந்தால், அவள் சம்மதித்தாளா இல்லையா என்ற பேச்சே எழுந்திருக்காது. அதை நிரூபிக்க உறுதியான சான்று இல்லை. ஏழைப் பிள்ளையின் வயதை எழுதிவைக்க ஆள் இல்லாமல் போனது.

நம் நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது?

நம் தண்டனைச் சட்டக்கோவை 1883-இல் வந்தது. 1995-ஆம் ஆண்டின் 22-ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் அதைப் பெரிதும் மாற்றியது. அதுவரை 12 ஆக இருந்த வயது எல்லை 16 ஆனது. 16 வயதுக்குக் கீழ்ப்பட்ட பெண்பிள்ளை விஷயத்தில், "அவளும் விருப்பப்பட்டுத்தான் வந்தா" என்ற பேச்சு சட்டத்தில் எடுபடாது. பாதிக்கப்பட்ட பெண் 18 வயதுக்குக் கீழ் என்றால், கற்பழிப்புக் குற்றத்துக்குச் சட்டம் எழுதிவைத்திருக்கும் தண்டனை 10 முதல் 20 வருஷக் கடூழியச் சிறை. 16 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைக்கு இரத்த உறவுக்காரனே கேடு செய்தால் 15 முதல் 20 வருஷம். நஷ்டஈடும் கொடுக்க வேண்டும்.

ஆண்பிள்ளைகளுக்கும் இது நடக்கிறது. "பயல்தானே" என்று விட்டுவிடாதீர்கள். பாரதூரமான பாலியல் துஷ்பிரயோகம் என்ற குற்றம் ஆண், பெண் இரு பிள்ளைகளுக்கும் பொருந்தும். பாதிக்கப்பட்டவர் 18-க்குக் கீழ் என்றால் 7 முதல் 20 வருஷம்.

மேன்முறையீட்டில் அதிகம் அடிபடும் மூன்று விஷயங்கள் இருக்கின்றன.

முதலாவது, "பார்த்த சாட்சி யாரு?" என்ற கேள்வி. இந்தக் குற்றத்தை நாலு பேர் பார்க்க யாரும் செய்வதில்லை. ஒரு விஷயத்தை நிரூபிக்க இத்தனை சாட்சி வேண்டும் என்ற கணக்குக் கிடையாது என்று சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 134-ஆம் பிரிவு சொல்கிறது. பாதிக்கப்பட்டவரின் சாட்சியத்தை மட்டும் நம்பித் தண்டிப்பது ஆபத்தானது, ஆனால் அது உண்மையென்று நம்பவைக்கும் தன்மையில் இருந்தால் வேறு உறுதிப்பாடு இல்லாமலும் தண்டிக்கலாம் என்று 1986 சட்ட அறிக்கையில் வெளியான மேன்முறையீட்டுத் தீர்ப்பு ஒன்று கூறுகிறது. ஆகவே பிள்ளையின் வாய்ச்சொல்லின் நம்பகத்தன்மைதான் வழக்கின் உயிர்.

இரண்டாவது, தாமதம். "அன்னைக்கே ஏன் சொல்லல?" என்று எதிர்த்தரப்பு கட்டாயம் கேட்கும். நம் சட்டப்படி இப்படியான குற்றத்துக்கு 20 வருஷம் வரை வழக்குத் தொடரலாம். தாமதமானால் வழக்கே போய்விட்டது என்று நினைக்க வேண்டாம். ஆனால் தாமதத்துக்குக் காரணம் இருக்க வேண்டும். பயமுறுத்தினான், அம்மா வெளிநாட்டில் இருந்தார், வீட்டில் சொன்னால் அடி விழும் என்று பயந்தேன் என்று எந்தக் காரணமாக இருந்தாலும், அது உண்மையாக முதல் வாக்குமூலத்திலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும்.

மூன்றாவது, தண்டனையின் அளவு. ஆகக் குறைந்தது 10 வருஷம் என்று சட்டத்தில் இருந்தாலும், வழக்கின் தன்மையைப் பார்த்து அதைவிடக் குறைவாகவும் விதிக்க நீதிபதிக்குத் தடை இல்லை என்று உயர் நீதிமன்றம் 2008-இல் அனுராதபுர வழக்கொன்றில் எழுந்த கேள்விக்கு விடை சொல்லியிருக்கிறது. அதனால் சிலர் குற்றத்தை மறுக்காமல், தண்டனையை மட்டும் குறைக்கச் சொல்லி மேன்முறையீடு செய்வதும் உண்டு. தண்டனை குறைந்தது என்றால் பிள்ளை பொய் சொன்னது என்று அர்த்தமில்லை. இதை லயத்தில் உள்ளவர்களுக்கு நீங்கள்தான் விளக்க வேண்டும்.

தோட்டத்தில் வழக்கு உடைகிற இடங்கள்

இனிச் சொல்லப்போவதைத் தயவுசெய்து கூர்ந்து கேளுங்கள்.

முதலில் "பேசி முடிப்பது". விஷயம் வெளியே வந்ததும் ரெண்டு பக்கத்து ஆட்களும் கோயிலடியில் கூடுவார்கள். "பொலிசுக்குப் போனா தோட்டத்துக்கே அவமானம், பிள்ளையோட எதிர்காலம் என்னாகிறது, ஒரு தொகைய வாங்கிட்டு விட்டுருங்க" என்பார்கள். சில இடத்தில் அவனுக்கே கட்டிவைத்துவிடலாம் என்றும் சொல்வார்கள். இந்தக் குற்றத்தைத் தீர்க்கத் தலைவருக்கோ, தொரைக்கோ, சங்கத்துக்கோ அதிகாரம் இல்லை. மத்தியஸ்த சபைக்கும் இல்லை. குற்றத்தை மறைக்கப் பணம் வாங்குவது தானே ஒரு குற்றம். இன்னொரு கெடுதியும் இருக்கிறது. பேச்சு முறிந்து ஆறு மாதம் கழித்துப் பொலிசுக்குப் போனால், "காசு கேட்டாங்க, குடுக்கல, அதான் கேஸ் போட்டாங்க" என்று எதிர்த்தரப்புச் சொல்லும். அந்த வரி மேல் கோர்ட்டு வரைக்கும் கூடவே வரும். தலைவர்மார்களே, உங்களிடம் பஞ்சாயத்துக்கு வந்தால் நீங்கள் செய்ய வேண்டிய ஒரே வேலை, அந்தக் குடும்பத்தைப் பொலிசுக்குக் கூட்டிக்கொண்டு போவது.

இரண்டாவது, பாஷை. நம் பகுதிப் பொலிஸ் நிலையங்களில் முறைப்பாட்டைச் சிங்களத்தில் எழுதுவதுதான் பெரும்பாலும் நடக்கிறது. பிள்ளை தமிழில் சொல்கிறது. இடையில் ஒருவர் மொழிபெயர்க்கிறார். "தோளில கைய வச்சாரு" என்று பிள்ளை சொன்னது வேறு மாதிரி எழுதப்பட்டால், வருஷக்கணக்கு கழித்துக் கோர்ட்டில் பிள்ளை உண்மையைச் சொல்லும்போது அது முரண்பாடு ஆகிவிடும். எழுதாமல் விட்டது விடுபடல் ஆகிவிடும். மேன்முறையீட்டில் எதிர்த்தரப்புச் சட்டத்தரணி முதலில் கைவைப்பது இதில்தான். தமிழும் இந்நாட்டில் அரச கரும மொழி. தமிழில் எழுதச் சொல்லிக் கேளுங்கள். தமிழ் தெரிந்த அதிகாரியைக் கேளுங்கள். முடியாவிட்டால், எழுதியதைத் தமிழில் வாசித்துக் காட்டாமல் கையெழுத்தோ கைநாட்டோ வைக்காதீர்கள். பிழை இருந்தால் அங்கேயே திருத்தச் சொல்லுங்கள். மரியாதையாக, ஆனால் விடாமல் கேளுங்கள்.

மூன்றாவது, வைத்தியம். பதற்றத்தில் தாய் செய்கிற முதல் வேலை பிள்ளையைக் குளிப்பாட்டுவது, உடுப்பைத் துவைத்துப் போடுவது. தாயின் மனசு அப்படித்தான் துடிக்கும். ஆனால் சாட்சி அதிலேதான் கரைந்து போகிறது. குளிப்பாட்ட வேண்டாம். உடுப்பைக் கழற்றினால் துவைக்காமல் காகிதத்தில் சுற்றி வையுங்கள். தோட்ட டிஸ்பென்சரியில் மருந்து கட்டியதோடு நிற்காமல் அன்றைக்கே அரசாங்க வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். கண்டி, பேராதனை போன்ற பெரிய வைத்தியசாலைகளில் சட்ட வைத்திய அதிகாரி இருக்கிறார். நாள் கடந்திருந்தாலும் போக வேண்டும். பிள்ளை வைத்தியரிடம் சொல்லும் வார்த்தைகளும் பதிவாகும். காயம் இல்லை என்றால் குற்றம் நடக்கவில்லை என்று அர்த்தமில்லை என்பதையும் வைத்தியர்தான் கோர்ட்டுக்கு விளக்க முடியும்.

நான்காவது, பிறப்புச் சான்றிதழ். மகாராஷ்டிரச் சிறுமியின் கதையைக் கேட்டீர்கள். 15 வயதும் 11 மாதமுமா, 16 வயதும் ஒரு மாதமுமா என்பதில் வழக்கின் தலையெழுத்தே மாறலாம். பிந்திப் பதிந்த பிறப்பு, மாறி எழுதிய பெயர், தொலைந்துபோன துண்டு என்று நம் தோட்டங்களில் எத்தனை வீடுகள் இருக்கின்றன! எந்தப் பிரச்சினையும் இல்லாத இன்றைக்கே அதைச் சரிசெய்து வையுங்கள். கிராம சேவகரிடமும் பிரதேச செயலகத்திலும் கேளுங்கள்.

ஐந்தாவது, பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பது. கேஸ் பலமாக இருக்கட்டும் என்று சொந்தக்காரர்கள் ரெண்டு விஷயத்தைக் கூட்டிச் சொல்லப் பழக்குவார்கள். இதைவிடப் பெரிய கெடுதி இல்லை. ஒரு பொய் பிடிபட்டால் அந்தப் பிள்ளை சொன்ன ஒன்பது உண்மையும் சந்தேகத்துக்குள் போய்விடும். பிள்ளை எவ்வளவு சொல்கிறதோ அவ்வளவு போதும். ஞாபகமில்லை என்றால் ஞாபகமில்லை என்று சொல்லட்டும். ஆளாளுக்குக் கூப்பிட்டு, "என்னம்மா நடந்துச்சு, திரும்பச் சொல்லு" என்று குடைய வேண்டாம். பிள்ளை சொல்வதை ஆரம்பத்திலேயே வீடியோவில் பதிந்து கோர்ட்டில் முன்வைக்க 1999-ஆம் ஆண்டின் 32-ஆம் இலக்கச் சட்டம் வழிசெய்திருக்கிறது. அதைப் பற்றிப் பொலிஸ் சிறுவர் மகளிர் பிரிவில் விசாரியுங்கள்.

ஆறாவது, பெயர். பாதிக்கப்பட்ட பிள்ளை யார் என்று தெரியும்படி எதையும் அச்சிட்டு வெளியிடுவது 1995 திருத்தத்தின்படி குற்றம். இப்போது கையில் போன் இருக்கிறது. படத்தைப் போட்டு "நீதி வேண்டும்" என்று எழுதிவிடுகிறார்கள். நல்ல எண்ணத்தில் செய்தாலும் அந்தப் படம் பிள்ளையை வாழ்நாள் முழுக்கத் துரத்தும். இந்தப் பேச்சில் நாங்களும் எந்தப் பிள்ளையின் பெயரையும் சொல்லவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள்.

காத்திருக்கும் காலம்

அப்பீல் காலம் நீண்டது. சம்பவம் நடந்தபோது நாலாம் வகுப்பில் இருந்த பிள்ளை, கடைசித் தீர்ப்பு வரும்போது கல்யாண வயதில் நிற்கலாம். இதற்கிடையில் குடும்பம் கொழும்புக்கு வேலைக்குப் போய்விடும், விலாசம் மாறிவிடும், வழக்கு எங்கே நிற்கிறதென்று யாருக்கும் தெரியாது. வழக்கின் நிலையை அறிந்துகொள்ள உங்களுக்கு உரிமை இருக்கிறது. பாதிக்கப்பட்டவரையும் சாட்சிகளையும் பாதுகாக்க 2015-இல் ஒரு சட்டம் வந்தது. அதற்குப் பதிலாக 2023-ஆம் ஆண்டின் 10-ஆம் இலக்கச் சட்டம் வந்திருக்கிறது. யாராவது மிரட்டினால் அதுவும் தனிக்குற்றம். அன்றைக்கே முறையிடுங்கள். வழக்கு இலக்கத்தை ஒரு கொப்பியில் எழுதி, பிறப்புச் சான்றிதழோடு சேர்த்து வையுங்கள். விலாசம் மாறினால் பொலிசுக்கு அறிவியுங்கள். மறுவிசாரணை என்று வந்து, சாட்சியைத் தேடி ஆள் கிடைக்காமல் போனால், அத்தனை பாடும் வீண்.

மேல் நீதிமன்ற வழக்கைப் பிள்ளைக்காக நடத்துவது அரசாங்கம். சட்ட மா அதிபர் திணைக்களம் தோன்றும். அதற்காக நீங்கள் யாருக்கும் காசு கட்டத் தேவையில்லை. பிள்ளையின் நலனுக்காகத் தனியாகச் சட்ட ஆலோசனை வேண்டுமென்றால் சட்ட உதவி ஆணைக்குழுவிடம் போகலாம், கண்டியிலும் அவர்களுக்கு அலுவலகம் இருக்கிறது. தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கத்துக்கு எந்த நேரமும் போன் எடுக்கலாம். அவசரத்துக்குப் பொலிஸ் 119.

இவற்றுக்கெல்லாம் மேலாக ஒரு வேலை இருக்கிறது. அதை எந்தக் கோர்ட்டும் நமக்காகச் செய்யாது. அந்தப் பிள்ளை லயத்து வாசலில் நடக்கும்போது நாம் எப்படிப் பார்க்கிறோம்? பீலிக்கரையில் கூடிக் குசுகுசுக்கிறோமா? திருவிழாவில் மற்றப் பிள்ளைகளோடு விளையாட விடுகிறோமா? பள்ளிக்கூடத்தை நிறுத்தாமல் அனுப்புகிறோமா? நம் பார்வைக்குப் பயந்துதான் பல பிள்ளைகள் பாதி வழியில் வாக்குமூலத்தை மாற்றுகின்றன, தாய்மார் பாதி வழியில் வழக்கைக் கைவிடுகிறார்கள். தப்பு செய்தவனின் சட்டத்தரணி செய்ய முடியாததை நம் வாய் செய்துவிடுகிறது.

ஆகவே ஊருக்குத் திரும்பியதும் ஒவ்வொரு தோட்டத்திலும் இரண்டு காரியம் செய்யுங்கள். இந்த மாதக் கமிட்டிக் கூட்டத்தில், பிள்ளைகளுக்கு எதிரான குற்றம் எதுவும் இனித் தோட்டத்துக்குள் பேசி முடிக்கப்படாது என்று எல்லோர் முன்னாலும் சொல்லி எழுதிவையுங்கள். பொலிசுக்கும் ஆஸ்பத்திரிக்கும் குடும்பத்தோடு கூடப் போக, சிங்களமும் தமிழும் தெரிந்த இரண்டு பெண்களைத் தெரிவுசெய்து, அவர்கள் பேரைப் பிள்ளைக் காம்பராச் சுவரில் ஒட்டுங்கள். இரவில் கதவைத் தட்டினாலும் எழுந்து போகக்கூடியவர்களாக அவர்கள் இருக்கட்டும்.